மச்சான் என்னும் இத்தாலி

ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா
2025 பிப்ரவரி 18

அன்புள்ள மச்சானுக்கு,

முதலில் ஒரு மானக்கேட்டை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். டோனி வீட்டு மதிய விருந்தில் பாதியிலேயே வயிறு சரியில்லை என்று எழுந்து போனேனே, என் வயிற்றுக்கு ஒரு கேடும் இல்லை. அவர்கள் வீட்டுக் குளியல் தொட்டிக்குள் கால் நீட்டி உட்கார்ந்து, திரையை இழுத்து விட்டுக்கொண்டு, இத்தாலிக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்பது எப்படி என்று போனில் தேடிக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டிய உங்கள் தங்கையிடம் "உள்ளே யாரும் இல்லை" என்று பதில் வேறு சொன்னேன்.

அன்றிலிருந்து நாகமணி என்னோடு பேசுவதில்லை. நீங்களோ வாட்ஸ்அப்பில் பிளாக் செய்துவிட்டீர்கள். போன் அடித்தால் உங்கள் குரல் வருகிறது, ஆனால் அது வாய்ஸ்மெயில். ஆகவே மில்பிடாஸில் சிப் சோதித்துப் பிழைக்கிற எஞ்சினியரான நான், ஐம்பத்து மூன்று வயதில், தபால் ஆபீஸ் எங்கே இருக்கிறது என்று மேப்பில் தேடிப் போய் ஸ்டாம்ப் வாங்கியிருக்கிறேன்.

நடந்ததை ஒரு முறை வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் கணக்கில் வேறு மாதிரி இருந்தால் திருத்துங்கள்.

என் ஒரே மகள் விஷாகா, உங்கள் ஊர்ப் பக்கம் வேலைக்கு வந்தாள். நீங்கள் வாராவாரம் சாப்பிடுகிற பிட்சாக் கடைக்கு அவளையும் அழைத்துப் போனீர்கள். கடைக்காரர் டோனியின் மகன் லூக்காவை அவள் பார்த்தாள். சரி, ஆயிற்று. பையன் தங்கமானவன், நான் மறுக்கவில்லை. இரண்டு குடும்பமும் முதல் தடவை உட்கார்ந்து பேச நாள் குறித்தோம். அதற்கு முந்தின நாள் உங்களிடம் போனில் என்ன பேசினேன்? கல்யாணம் ஃப்ரீமான்டில்தான், கோயிலைப் பேசியாயிற்று, தாய்மாமன் வாயால் சொன்னால் எடுபடும் என்றேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "மாப்ள, நீங்க பேச்சை ஆரம்பிச்சு விடுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

நம்பி வந்தேன். வாசலில் நுழைந்ததுமே எனக்குக் கண் கலங்கியது. சுவரில் சிவப்புத் துணியில் கறுப்பாக இரட்டைத் தலைப் பட்சி. மைசூர் பஸ்ஸில் பார்ப்போமே, கண்டபேருண்டம். நம்மைச் சந்தோஷப்படுத்த எங்கேயோ தேடிப் பிடித்து மாட்டியிருக்கிறார்கள் பாவம் என்று உருகிப்போனேன். விஷாகா காதருகே ஏதோ சொல்ல வந்தாள். நான் விடாமல் மைசூர் மகாராஜா கதையை ஆரம்பித்துவிட்டேன். சாப்பாடும் பரவாயில்லை, கீரை வைத்து அடுக்கடுக்காக ஒன்று, பரோட்டாவைச் சுட்டுவிட்டு எடுக்க மறந்தது போல. அதற்குத் தயிர். இத்தாலிக்காரன் தயிர் ஊற்றிக்கொள்வான் என்று யார் கண்டது?

நான் பேச்சை ஆரம்பித்தேன். நீங்கள் தட்டை வழித்துக்கொண்டே, "எதுக்கு அவ்ளோ தூரம்? நியூ ஜெர்சியிலயே வெச்சுக்கலாமே. ஹால்கூட பாத்தாச்சு" என்றீர்கள். ஹால் பார்த்தாயிற்று. எனக்குத் தெரியாமல், டோனியோடு போய்.

அந்த வயிற்றெரிச்சலில்தான் வாயிலிருந்து விழுந்தது: "டோனி, என் மச்சான் இத்தாலி மாதிரி. ரெண்டு உலக யுத்தத்துலயும் சாப்பிட உக்காந்தது ஒரு பந்தி, கை கழுவுனது வேற பந்தி." சொல்லி முடித்த பிறகுதான் யார் வீட்டு மேஜை என்று உறைத்தது. டோனி முகம் சிவந்து நாற்காலியைத் தள்ளிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டார். உள்ளே ஏதோ தட்டு விழுந்தது. அவருடைய அம்மா லூலே என்னையே பார்த்து இடமும் வலமுமாகத் தலையை ஆட்டிக்கொண்டேயிருந்தார். இப்படியும் ஒரு மனுஷனா என்பது போல.

விஷாகா நேற்று எழுதியிருக்கிறாள்: நீயும் மாமாவும் டோனியிடம் இதைச் சரிசெய்யுங்கள், இல்லையென்றால் நாங்கள் சிட்டி ஹாலில் கையெழுத்துப் போட்டுக்கொள்கிறோம், நீங்கள் இரண்டு பேரும் வரவேண்டாம்.

உங்களை இத்தாலி என்றது தப்புதான். முதல் யுத்தத்தில் இத்தாலி கட்சி மாறப் பத்து மாதம் யோசித்தது. நீங்கள் கை கழுவும்வரைகூடத் தாங்கவில்லை.

இப்படிக்கு,
சேனாபதி


எடிசன், நியூ ஜெர்சி
பிப்ரவரி 26

மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. பிளாக்கை எடுக்க மாட்டேன். எடுத்தால் தவறு என் மேல் என்று ஆகிவிடும். தபாலுக்குத் தபால் பதில், அவ்வளவுதான்.

நான் மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறவன். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை. நீங்கள் என்னைத் திட்டிய வார்த்தையையும் படித்துப் பார்த்தேன். 1882-இல் ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி மூன்றும் ஒப்பந்தம் போட்டன. யாராவது வந்து தாக்கினால் உதவி. நாமே போய் ஒருவனை அடித்தால் அதில் கிடையாது. 1914-இல் ஆஸ்திரியா தானாகச் செர்பியா மேல் பாய்ந்தது. இத்தாலியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் வரவில்லை என்று அது ஒதுங்கிக்கொண்டது. இதில் துரோகம் எங்கே?

நீங்கள் கோயிலைப் பேசி முடித்துவிட்டு, அதற்கு மறுநாள் போன் செய்து, "மச்சான், சப்போர்ட் பண்ணுங்க" என்றீர்கள். என்னை யார் கேட்டார்கள்? அது கூட்டணி இல்லை. கைதட்ட ஆள் சேர்ப்பது.

டோனியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஏழு வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் அங்கே போகிறேன். நுழையும்போது அவர்கள் மொழியில் "போன் ஜோர்னோ" என்று வணக்கம் சொல்வேன், அவரும் சொல்வார். உங்கள் பேச்சுக்குப் பிறகு என் தலையைக் கண்டதும் உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறார். மூன்று வெள்ளிக்கிழமையாக இதே கதை. அவ்வளவு புண்பட்டிருக்கிறார். ஒரு தேசத்தின் மானத்தை அவர் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டே வாங்கியிருக்கிறீர்கள். எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

மீனாக்ஷி நாகமணியை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். உங்களை விசாரிக்கவில்லை.

நஞ்சப்பன்


ஃப்ரீமான்ட்
மார்ச் 6

மச்சான்,

முதல் யுத்தத்துக்கு வக்கீல் வைத்துவிட்டீர்கள். முழுசாகப் படித்திருந்தால், ஒதுங்கியவன் சும்மா இருக்கவில்லை என்பதும் தெரிந்திருக்கும். இரண்டு பக்கத்திலும் பேரம் பேசி, லண்டனில் ரகசியமாக ஒரு ஒப்பந்தம் போட்டு, பழைய கூட்டாளி மேலேயே படையெடுத்தார்கள். ரகசியமாக ஹால் பார்த்தவருக்கு இது மட்டும் எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று?

இரண்டாம் யுத்தம் இன்னும் விசேஷம். ஆரம்பத்தில் ஒதுங்கியிருந்துவிட்டு, பிரான்ஸ் விழப்போகிறது என்று தெரிந்த பிறகு ஓடிப்போய் ஜெர்மனியோடு நின்றார்கள். அப்புறம் கூட்டாளிக்கே சொல்லாமல் கிரீஸ் மேல் பாய்ந்து, கிரேக்கர்களிடம் உதை வாங்கி, அதே கூட்டாளியிடம் காப்பாற்று என்றார்கள். 1943-இல் இந்தப் பக்கம் சரண், அடுத்த மாதமே அந்தப் பக்கத்தின் மேல் யுத்தம். நம் ஊர்த் தேர்தல் கூட்டணிகளே இவர்களிடம் டியூஷன் போகவேண்டும்.

இதையெல்லாம் எழுதிவிட்டு நன்றாகத் தூங்கலாம் என்று பார்த்தால் முடியவில்லை. இங்கே நடப்பதைக் கேளுங்கள். மௌரி அவென்யூ மளிகைக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். தமிழ்ச் சங்கத்துக் கருப்பசாமி தன் தள்ளுவண்டியை என் வண்டிமேல் இடித்து நிறுத்தினார்.

"என்னங்க சேனாபதி, பிட்சாக் கடை சம்பந்தமாமே? ஆயுசுக்கும் டெலிவரி ஃப்ரீங்களா?"

நான் சிரித்தேன். மச்சான், நான் சிரித்தேன். என் மகள் வாழப்போகிற வீட்டைப் பற்றி ஒருத்தன் பல்லிளித்துக்கொண்டு சொல்கிறான், 'நகைச்சுவைத் திலகம்' என்று சங்கம் எனக்குப் பட்டம் கொடுத்திருக்கிறதே, அந்தப் பட்டத்துக்குப் பங்கம் வரக்கூடாது என்று நான் முந்திக்கொண்டு சிரித்தேன். சிரித்துவிட்டு அவருக்குச் சமமாக இன்னொன்றும் எடுத்து விட்டேன்: இத்தாலி டாங்கிக்குப் பின்னால் போக நாலு கியர், முன்னால் போக ஒன்று. ஊர் ஊராகப் புளித்துப்போன ஜோக். அவர் குலுங்கினார். அந்தக் கணத்தில் என் வாய் எனக்கே நாறியது. வீட்டுக்கு வந்து பல் துலக்கினேன்.

வெள்ளைக்காரர்கள் நம் தலையாட்டலைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள், ஒரு ஜாதியையே கேலிப் பொருளாக்குகிறார்கள் என்று சங்க மலரில் மூன்று பக்கம் பொங்கி எழுதியவன் நான். அதே கையால் இதையும் செய்கிறேன். சீ.

நேற்று விஷாகாவைக் கூப்பிட்டேன். "அப்பா, ஆர் யூ காலிங் டு டெல் அனதர் ஜோக்?" என்றாள். இல்லை என்றேன். சரி என்று வைத்துவிட்டாள்.

உங்களைப் பற்றிய என் கருத்து மாறவில்லை. என்னைப் பற்றிய கருத்துதான் நாளுக்கு நாள் மோசமாகிறது.

சேனாபதி


எடிசன்
மார்ச் 14

மாப்பிள்ளைக்கு,

ஹால் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். உங்களிடம் சரி என்று சொன்ன பிறகு பார்க்கவில்லை. அதற்கு முன்பே பார்த்துவிட்டுத்தான் சரி என்றேன். இது இன்னும் கேவலம் என்று எனக்கே தெரியும்.

காரணம் சொல்கிறேன். போன வருஷம் மீனாக்ஷிக்குக் காதில் ஆபரேஷன் ஆயிற்று. அதன் பிறகு அவளால் விமானம் ஏற முடியாது. டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஃப்ரீமான்டில் கல்யாணம் என்றால் விஷாகாவுக்கு மாலை எடுத்துக் கொடுக்க நான் மட்டும் வரவேண்டும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குழந்தைக்குக் காது குத்தும்போது மடியில் வைத்திருந்தவள் மீனாக்ஷி. அவளை வீட்டில் விட்டுவிட்டு எப்படி வருவது?

ஆபரேஷன் நடந்தது உங்களுக்குத் தெரியும். குரூப்பில் கும்பிடு போடும் பொம்மை அனுப்பினீர்கள். அவளால் பறக்க முடியுமா என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கேட்காதவனிடம் போய்ச் சொல்வதற்கு எனக்கு ரோஷம்.

இன்னொன்றும் படித்தேன். 1943-இல் இத்தாலி சரணடைந்ததும், அந்த நாட்டுச் சிப்பாய்களை ஜெர்மனி ஆறு லட்சத்துக்கு மேல் பிடித்துக்கொண்டு போயிற்று. எங்கள் பக்கம் சேர்ந்து சண்டை போடு, சோறு போடுகிறோம் என்றது. பெரும்பாலானவர்கள் மாட்டோம் என்று சொல்லிவிட்டு முகாமிலேயே கிடந்தார்கள். பட்டினியில் செத்தார்கள். அவர்களைப் பற்றி ஒரு ஜோக்கும் நான் கேட்டதில்லை.

டோனிக்கு முறையாக ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதுங்கள். சிரிக்க வைக்க முயற்சி செய்யாதீர்கள்.

நஞ்சப்பன்


ஃப்ரீமான்ட்
மார்ச் 24

மச்சான்,

அக்காவின் காது பற்றிப் படித்துவிட்டுக் கடிதத்தை நாகமணியிடம் கொடுத்தேன். படித்தாள். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு முதல் வார்த்தை பேசினாள்: "எனக்குத் தெரியும். நீங்க கேக்கவே இல்லையே." என்னைச் சுற்றி எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது, நான் பேசி முடிப்பதற்காக மரியாதையாகக் காத்திருக்கிறார்கள்.

ஃப்ரீமான்ட் கோயிலில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கல்யாணம் உங்கள் ஊரில், நீங்கள் பார்த்த ஹாலில். மாலை எடுத்துக் கொடுக்கும்போது அக்கா பக்கத்தில் நிற்கட்டும்.

உங்கள் ஆறு லட்சம் பேர் என்னை விடவில்லை. நானும் லைப்ரரிக்குப் போனேன். முதல் யுத்தத்திலும் ஏறக்குறைய ஆறு லட்சம் இத்தாலிக்காரர்கள் செத்திருக்கிறார்கள். இஸொன்ஸோ என்று ஒரு ஆறு. அதன் கரையில் அதே பாறையில் அதே தளபதி திரும்பத் திரும்ப ஆட்களை ஏறச் சொல்லியிருக்கிறான். பதினோரு தடவை. மலையில் பனி சரிந்து மூடியது வேறு. அவ்வளவு பேரும் ஒரு ரகசிய ஒப்பந்தத்துக்காக. மேலே நான்கு பேர் மேஜையில் பந்தி மாறினார்கள், கீழே பாறையில் பையன்கள் அழுகினார்கள். நாம் அந்த நான்கு பேர் செய்ததை எடுத்து அந்தப் பையன்கள் தலையில் ஜோக்காகக் கட்டுகிறோம். அதற்கு மேல் படிக்க முடியவில்லை, மச்சான். லைப்ரரியில் எழுந்து வெளியே போய் நின்றேன்.

அந்தச் சூட்டிலேயே டோனிக்கு எழுதிவிட்டேன். நாலு பக்கம், இங்கிலீஷில். ஜோக் ஒன்றுகூட இல்லை, சத்தியம். உங்கள் தேசத்தை உலகம் தப்பாக எடைபோட்டுவிட்டது என்று தொடங்கி, 1882 ஒப்பந்தத்தை நீங்கள் எனக்கு எழுதிய வாதத்தோடு வைத்து, இஸொன்ஸோ, ஜெர்மன் முகாம் எல்லாம் சொல்லி, உங்கள் முன்னோர்களை வணங்குகிறேன் என்று முடித்தேன்.

எடுத்த காரியத்தை முழுதாகச் செய்யவேண்டும் என்று மூன்றாம் பக்கத்தில் அல்பேனியாவையும் விடவில்லை. 1939-இல், புனித வெள்ளியன்று, இத்தாலி போய் அந்த நாட்டைப் பிடித்துக்கொண்டதே, அதற்கும் சமாதானம் எழுதினேன்: அது ஒரு குட்டி தேசம், சண்டைகூடப் பெரிதாக நடக்கவில்லை, உங்கள் ஆட்கள் போய் நல்ல ரோடு போட்டுக் கொடுத்தார்கள், இன்றைக்கு அதை யாரும் மனதில் வைத்துக்கொண்டிருக்கவில்லை. எழுதும்போது கொஞ்சம் கூசியது. ஆனால் சம்பந்திக்காக ஒரு குட்டி தேசத்தைப் பலி கொடுத்தால் தப்பில்லை என்று பட்டது.

கூரியரில் போயிருக்கிறது. விஷாகாவிடம் சொல்லவில்லை. அவளுக்கே ஒரு ஆச்சரியமாக இருக்கட்டும்.

சேனாபதி


எடிசன்
ஏப்ரல் 2

மாப்பிள்ளைக்கு,

பிளாக்கை எடுத்துவிட்டேன். ஆனாலும் இதைத் தபாலில்தான் சொல்கிறேன். போனில் என்றால் நடுவில் பேசுவீர்கள்.

வெள்ளிக்கிழமை கடைக்குப் போனேன். வழக்கம்போல "போன் ஜோர்னோ" என்றேன். டோனி இந்தத் தடவை உள்ளே போகவில்லை. அடுப்பை மனைவியிடம் விட்டுவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். உங்கள் நாலு பக்கத்தையும் மேஜையில் வைத்தார்.

"உங்க பிரதர்-இன்-லா அன்னிக்கு ஒரு ஜோக் சொன்னாரே, பந்தி மாறுறது. நான் இந்த நாட்டுக்கு வந்து கேட்டதிலேயே அதுதான் டாப்" என்றார். உங்கள் எதிரிலேயே என்னைப் பார்த்துச் சிரித்தால் நான் புண்படுவேன் என்றுதான் அடுக்களைக்கு ஓடினாராம். சிரிப்பில் தட்டு கைநழுவியதாம். அதன் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் என்னைக் கண்டால் அது நினைவுக்கு வந்துவிடுமாம், அதனால் உள்ளே ஓட்டம். லூலே அம்மா தலையை இடமும் வலமும் ஆட்டினாரே, அவர்கள் ஊரில் பழைய ஆட்களுக்கு ஆமாம் என்பதற்கு அதுதான் ஆட்டம். நீங்கள் சங்க மலரில் பொங்கியதை அவருக்கு மொழிபெயர்த்துக் கொடுக்கலாம்.

அப்புறம் டோனி மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்தார். அல்பேனியா வரியில்.

"எங்க அம்மா இதை லூக்காவை ரெண்டு தடவை படிக்கச் சொன்னாங்க" என்றார். "எங்க ஊர் ஷ்கோதர். அது அல்பேனியாவுல இருக்கு."

மாப்பிள்ளை, அவர்கள் இத்தாலிக்காரர்களே இல்லை. இவர் அல்பேனியாவிலிருந்து வந்து அந்தக் கடையில் மாவு பிசைந்தவர். இத்தாலிக்கார முதலாளி ஓய்வு பெற்றபோது வாங்கிக்கொண்டார். பெயர்ப்பலகையை மாற்றவில்லை. நான் ஏழு வருஷமாக இத்தாலிய மொழியில் வணக்கம் சொன்னதற்கு ஏன் பதில் சொன்னீர்கள் என்று கேட்டேன். "கஸ்டமர் ஆசையா சொல்றார், எதுக்குக் கெடுக்கணும்னுதான்" என்றார். ஏழு வருஷம். உங்களை அருவருப்பு என்று எழுதிய கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

லூலே அம்மாவின் அப்பாவை இத்தாலிப் படை பிடித்துக்கொண்டு போய்ப் பட்டாளச் சட்டை மாட்டிவிட்டு, கிரீஸ் மேல் சண்டைக்கு அனுப்பியிருக்கிறது. பனியில் இரண்டு காலிலும் விரல்கள் போய்த் திரும்பி வந்தாராம். அம்மா உள்ளேயிருந்து வந்து உட்கார்ந்து சொன்னார், லூக்கா இங்கிலீஷில் சொன்னான்: "எங்க அப்பாவை யாரும் கேக்கலை, நீ எந்தப் பக்கம்னு." பிறகு உங்கள் தாளை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

தீர்ப்பும் அவருடையதுதான். கல்யாணம் ஜூனில், இங்கே. பெண்ணின் அப்பா வரவேண்டும். ஆனால் ஒரு வாரம் முன்னாலேயே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கீரை அடுக்கைத் தயிரோடு சாப்பிட்டு, அவர் அப்பாவின் கதையை முழுதாகக் கேட்கவேண்டும். அன்றைக்கு நீங்கள் வாயைத் திறக்கக்கூடாது. இந்த நிபந்தனையைச் சேர்த்தது விஷாகா. "அப்பா வரட்டும். ஜஸ்ட் லிஸன் பண்ணட்டும்" என்றாள். அழுதிருந்தாள் போலிருந்தது. சிரித்தும் இருக்கலாம்.

நான் ஒப்புக்கொண்டுவிட்டேன், உங்களைக் கேட்காமலே. மன்னிக்கவும்.

நஞ்சப்பன்

பின்குறிப்பு: சுவரில் இருந்த இரட்டைத் தலைப் பட்சி நமக்காக மாட்டியது இல்லை. அது அவர்கள் நாட்டுக் கொடி. அன்றைக்கு வாசலில் விஷாகா உங்கள் காதருகே சொல்ல வந்தது அதைத்தானாம்.